“உயிர் பிழைச்சாச்சே, இனி அது எதுக்கு?”

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புற்று மிச்சம் இருக்கிறதா என்று காட்டுகிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 0.01-க்குக் கீழே என்று போட்டிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார் டாக்டர். “சுத்தமா இருக்கு சார். இனிமே பயப்பட வேண்டாம்.” கைகூப்பினேன். கண் கலங்கிவிட்டது. எழுந்து கதவு வரைக்கும் போனவன், திரும்பி வந்து மெதுவாகக் கேட்டேன். மூன்று மாதமாக அங்கே எந்த அசைவும் இல்லை, விடியற்காலையில்கூட இல்லை, இது சரியாகுமா என்று.

அவர் அடுத்த ஃபைலைக் கையில் எடுத்திருந்தார். “உயிர் பிழைச்சாச்சே சார். அம்பத்தெட்டு வயசாச்சு. இனி அது எதுக்கு?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். ரிப்போர்ட்டில் இருந்த எண்ணைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கதவு வரை போய்த் திரும்பியதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த ஏழு மாதமும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு 61 வயது. அந்த ஏழு மாதத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போனில் தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் இதைப் படிப்பார் என்று தெரியும். நானும் அப்படித் தேடியவன்தான். புற்றுநோயைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் வந்தார்கள். கட்டிலைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை.

முதலில் உடம்பு. புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சுரப்பி. விறைப்புக்கான நரம்புகள் அதன் பின்பக்க ஓரங்களில், கடிகாரத்தில் 5 மணிக்கும் 7 மணிக்கும் முள் நிற்கிற இடங்களில், ரத்தக் குழாய்களோடு ஒரே கட்டாகச் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. முடியிழை போன்ற நரம்புகள். 1980-கள் வரை இவை எங்கே ஓடுகின்றன என்று அறுவை மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. அதனால் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் விறைப்பு போய்விட்டது. 1981-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கர் என்ற பேராசிரியரும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷும், இறந்தே பிறந்த ஒரு குழந்தையின் உடலில் இந்த நரம்புகள் போகிற பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வளர்ந்தவர் உடம்பில் கொழுப்பும் தசையும் மறைத்துவிடுவது, குழந்தையிடம் துலக்கமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே, 1982-ல், நரம்புகளை விலக்கி வைத்துவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கிற ஆபரேஷனை வால்ஷ் செய்தார். பெயரில்லாத அந்தக் குழந்தையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

என் ஆபரேஷன் குறிப்பில், “இடது நரம்புக்கட்டு முழுமையாகக் காக்கப்பட்டது, வலது பக்கம் பகுதியளவு” என்று ஒரு வரி இருக்கிறது. வலது ஓரத்தில் கட்டி நெருங்கி இருந்ததால் அந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்தே வெட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியில் என் அடுத்த இரண்டு வருஷமும் அடங்கியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்கே அதை யாராவது படித்துக் காட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஏனென்றால், வெட்டாமல் காப்பாற்றிய நரம்பும் உடனே வேலை செய்யாது. இழுபட்டு, சூடுபட்டு, ஒதுக்கப்பட்ட அதிர்ச்சியில் அது மயங்கிக் கிடக்கும். தெளிவதற்கு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் மாதத்தில் ஒன்றும் இல்லை என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. எனக்கு அது தெரியாது. முடிந்தது என்றே நினைத்தேன்.

முடிந்தது என்று நினைத்த மனிதன் என்ன செய்வான்? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்போது சிறுநீர்க் கசிவும் இருந்தது. தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சில சொட்டு. பேட் வைத்திருந்தேன். ராத்திரி புரண்டால் அது சரசரக்கும். அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது, வாடை அவளுக்கு வரக்கூடாது என்று கட்டிலின் விளிம்பிலேயே படுத்தேன். முப்பது வருஷமாகத் தூங்கப் போகும்போது அவள் தோளில் கை போடுவது என் வழக்கம். அதை நிறுத்திவிட்டேன். தொட்டால் அடுத்தது என்ன என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. அவள் தூங்கப் போகிற நேரம் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் மூச்சு சீரான பிறகுதான் உள்ளே போவேன்.

பத்தாவது மாதம், கசிவுக்காகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண்மணிதான் முதன்முதலில் வாயைத் திறந்தார். சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல இடுப்பின் அடித்தசையை இறுக்கிப் பிடித்து, விடுகிற பயிற்சியைக் கற்றுக்கொடுத்தவர் அவர். “இந்தத் தசை விறைப்புக்கும் உதவும் சார். அந்தப் பக்கம் எப்படி இருக்கு?” என்று சாதாரணமாக, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டை ஏதும் நீட்டவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டுதான் இரண்டாவது டாக்டரிடம் போனேன்.

அந்த டாக்டர் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். ஐந்தே கேள்விகள். விறைப்பு வரும் என்ற நம்பிக்கை எவ்வளவு, வந்தால் உறவுக்குப் போதுமா, கடைசிவரை நிற்குமா என்பதுபோல. மொத்தம் 25 மதிப்பெண். 22-ம் அதற்கு மேலும் என்றால் குறை இல்லை, 7-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமை. எனக்கு 6 வந்தது. ‘ஆண்மைக்குறைவுதானே சார் இது?’ என்று கேட்டேன். “அந்த வார்த்தை வேண்டாம்” என்றார் உடனே. “விறைப்புக் குறைபாடுன்னு சொல்லுங்க. நரம்புல அடிபட்டிருக்கு. உங்க ஆண்மைல இல்ல.”

அதை இப்போதும் யோசிக்கிறேன். காது கேட்காவிட்டால் காது கேட்கவில்லை என்கிறோம், கால் உடைந்தால் கால் உடைந்தது என்கிறோம். இந்த ஒன்றில் மட்டும், ஓர் உறுப்பில் ரத்தம் நிறையவில்லை என்பதற்கு மனிதனையே குறைத்துச் சொல்கிற வார்த்தையை வைத்திருக்கிறோம். அந்த வார்த்தைக்குப் பயந்தே எத்தனையோ பேர் டாக்டரிடம் போகாமல், ரகசியமாக விற்கிற எதையாவது வாங்கி விழுங்குகிறார்கள். மூலிகை என்று சொல்லி விற்பதில் விறைப்புக்கான சில்டெனாஃபில் மருந்தைக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் தெரியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சீட்டை எழுதுவதற்கு முன்னால் டாக்டர் கேட்டார்: “வீட்டம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?” தெரியாது என்றேன். “அடுத்த தடவை ரெண்டு பேருமா வாங்க. தனியா வந்தா பார்க்க மாட்டேன்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முடியவில்லை, முயற்சி செய்து தோற்றுப்போக பயமாக இருந்தது, அதனால்தான் ஒதுங்கினேன் என்று. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இவ்வளவுதானா? எனக்கு வயசாயிட்டது, உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேங்க” என்றாள். ஏழு மாதம் அதை நினைத்துக்கொண்டே எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், பேட் வாங்கி வைத்திருக்கிறாள். நான் என் உடம்பைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் தோளில் கை போட அந்த நரம்பு எதுவும் தேவைப்படவில்லை.

வைத்தியத்துக்கு வருகிறேன். முதலில் மாத்திரை. தடாலஃபில், தினம் 5 மில்லிகிராம். தேவைப்படும் நாளில் சில்டெனாஃபில் 100, வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னதாக. மூன்று மாதம் எடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. கிளர்ச்சி வந்தால் நரம்பு முனையிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. அதைத் தொடர்ந்து உள்ளே ஒரு பொருள் உண்டாகி, உறுப்பின் தசையைத் தளர்த்துகிறது. தசை தளர்ந்தால் ரத்தம் புகுந்து நிறைகிறது. அந்தப் பொருளைச் சிதைத்துக் கரைப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதி உண்டு. மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது. அதாவது, வருகிற தண்ணீரை வடியாமல் பிடித்து வைக்கிற மடை அது. வாய்க்காலில் தண்ணீரே வராதபோது மடையை அடைத்து என்ன பயன்? என் நரம்பு தூங்கிக்கொண்டிருந்தது. மாத்திரைமேல் குற்றம் இல்லை. நரம்பு விழித்த பிறகு அதே மாத்திரை வேலை செய்தது. ஆகவே, ஆபரேஷன் முடிந்த சில மாதத்தில் மாத்திரை கேட்கவில்லை என்று அதை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். கொஞ்ச காலம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள்.

அடுத்தது வெற்றிடப் பம்ப். பிளாஸ்டிக் குழாயை உறுப்பின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் இழுக்கப்படுகிறது. அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டால் நிற்கும். வளையத்தை 30 நிமிஷத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வேலை செய்தது, ஆனால் எங்களுக்கு ஒத்துவரவில்லை. “ஜில்லுன்னு இருக்குங்க” என்றாள் அவள். பிறகு வளையம் இல்லாமல், ரத்தம் ஓடட்டும் என்று தினம் பத்து நிமிஷம் பம்ப் மட்டும் செய்துவந்தேன். ரொம்ப நாள் ரத்தம் நிறையாமல் கிடந்தால் உள்ளே திசு இறுகி உறுப்பு சிறுத்துப்போகும். எனக்கும் கொஞ்சம் நீளம் குறைந்ததை நானே பார்த்தேன். இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் மனிதன் தாங்கிக்கொள்வான். திடீரென்று ஒருநாள் தானாகக் கண்டுபிடிக்கும்போதுதான் கலங்கிப்போகிறான்.

பதினான்காவது மாதம் ஊசி. கேட்டதுமே உடம்பு கூசியது. அல்ப்ரோஸ்டாடில் என்ற மருந்து, இன்சுலின் ஊசிபோல மெல்லிய ஊசியில், உறுப்பின் பக்கவாட்டில் போட வேண்டும். இது நரம்பை நம்பி இருக்காது, நேராகத் தசையையே தளர்த்திவிடும். முதல் ஊசியை டாக்டரே போட்டு, எவ்வளவு மருந்து போதும் என்று அளவு பார்த்தார். வீட்டில் முதல் தடவை, கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சு, மருந்துக் குப்பி, ஊசி. என் கை நடுங்கியது. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, மேலே தெரிகிற நீல ரத்தக் குழாயை விட்டு விலகி ஓர் இடத்தில் விரலை வைத்து, “இங்க ஒண்ணும் இல்லைங்க, இங்க போடுங்க” என்றாள். போட்டேன். எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருந்தது. பஞ்சை வைத்து ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டோம், அவள் விரலும் என் விரலுமாக. பத்தாவது நிமிஷம், பதினான்கு மாதத்துக்குப் பிறகு, முழு விறைப்பு வந்தது. ரெண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு உறவுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். போதுமாக இருந்தது.

ஊசிக்குக் கட்டுப்பாடு உண்டு. வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது, ஒருநாளில் இரண்டாவது கூடாது. நான்கு மணி நேரம் ஆகியும் விறைப்பு இறங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். தாமதித்தால் திசு செத்துவிடும்.

விந்து வராது என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புராஸ்டேட்டும் விந்துப்பைகளும் போன பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் உச்சம் இருக்கிறது. அந்த உணர்வுக்கான நரம்பு வேறு, அதை ஆபரேஷன் தொடுவதில்லை. விறைப்பே இல்லாதபோதுகூட உச்சம் வரும் என்பதை எங்கள் படுக்கையில்தான் தெரிந்துகொண்டேன். சிலருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சிறுநீர் வந்துவிடும். எனக்கும் வந்தது. முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு துண்டை விரித்துக்கொண்டால் அதற்கு மேல் அது ஒரு பிரச்சினையே இல்லை. இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைக்கிற வயதில் இருப்பவர்கள் மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது பழக்கமான இரண்டு பேரின் பாதை வேறு மாதிரி. ஒருவர் கதிர்வீச்சு எடுத்தவர். அவருக்கு ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் மெல்ல மெல்லக் குறைந்தது. ரத்தக் குழாய்கள் மெதுவாகப் பாதிக்கப்படுவதால் அப்படி. இன்னொருவருக்கு ஹார்மோன் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடியோடு இறக்கினால் புராஸ்டேட் புற்று சுருங்கும் என்பதை 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டிவிட்டார், அதற்காக 1966-ல் நோபல் பரிசும் பெற்றார். உயிர் காக்கிற வைத்தியம்தான். ஆனால் அந்த நண்பருக்கு ஆசையே போய்விட்டது. “முடியலன்னு வருத்தம் இல்ல சார். வேணும்னே தோணல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார். உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும், காரணம் இல்லாமல் கண்ணீர் வரும். அவர் மனைவிக்கு இது மருந்தின் வேலை என்று தெரிந்தது ஒரு வருஷம் கழித்து. எனக்குச் செய்த பம்பும் ஊசியும் அவருக்குப் பதில் ஆகாது. அவர்களுக்கு வேறு பேச்சு வேண்டும், அதை மருந்து தொடங்குகிற நாளிலேயே பேச வேண்டும்.

முதல் டாக்டரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பிரிட்டனில் புராஸ்டேட்டைத் தாண்டாத புற்று இருந்த 1,643 ஆண்களை மூன்று பிரிவாக, உடனே வைத்தியம் செய்யாமல் கண்காணிப்பு மட்டும், ஆபரேஷன், கதிர்வீச்சு என்று பிரித்து நீண்ட காலம் தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது. புரோடெக்ட் என்று பெயர். வைத்தியத்துக்கு முன்னால் அவர்களில் 67 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறாவது மாதம் அது கண்காணிப்பில் 52, கதிர்வீச்சில் 22, ஆபரேஷனில் 12 சதவீதம். இதே ஆய்வின் 15 வருஷ முடிவு 2023-ல் வந்தது. மூன்று பிரிவிலுமே புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் பதினைந்து வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள் டாக்டர். அத்தனை வருஷமும் ஒரு கட்டிலில், இன்னொருத்தர் பக்கத்தில். அதுக்குத்தான்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருப்பவர்களுக்கு: இப்போதே ஆபரேஷன் வேண்டுமா, கண்காணித்தால் போதுமா என்று கேளுங்கள். நரம்பை எந்தப் பக்கம் காப்பாற்ற முடியும் என்று கேளுங்கள். இப்போது உங்கள் விறைப்பு எப்படி இருக்கிறது என்பதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட அது வேண்டும். சர்க்கரை, புகை இரண்டும் இதில் கணக்கில் வரும், மறைக்காதீர்கள். துணையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

இருபதாவது மாதம் ஒரு விடியற்காலையில், அரைகுறையாக, தானாக ஓர் அசைவு வந்தது. அவளை எழுப்பிச் சொன்னேன். இன்றைக்கு மாத்திரை போட்டால் பெரும்பாலும் போதுமான அளவு வருகிறது, போடாவிட்டால் நம்ப முடியாது. ஊசிக் குப்பி ஒன்று ஃபிரிட்ஜில் இருக்கிறது, எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. எதுவும் வேண்டாம் என்று கை கோத்துப் படுக்கிற ராத்திரிகள்தான் அதிகம், அவற்றையும் இப்போது நான் குறையாக எண்ணுவதில்லை.

போன மாதம் இரண்டு பேருமாக செக்கப்புக்குப் போயிருந்தோம். பி.எஸ்.ஏ. அதே இடத்தில்தான் இருக்கிறது. “வேற எப்படி இருக்கீங்க?” என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் சொன்னாள்: “நல்லா இருக்கோம் டாக்டர். மாத்திரை தீரப் போகுது, எழுதிக் குடுங்க.”